பத்திரிகை அடித்தாயிற்று

ஆனந்த கிருஷ்ணனைப் பற்றி எழுத உட்காருபவருக்கு முதலில் வரும் சங்கடம், மேற்கோள் காட்ட எதுவும் கிடைக்காது என்பதுதான். பேட்டி கொடுப்பதை வாழ்நாள் முழுக்கத் தவிர்த்தவர் அவர். மேடையில் பார்த்தவர்கள் குறைவு; வெற்றிக்கு இத்தனை படிகள் என்று புத்தகம் போட்டவரும் இல்லை. 1938-இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் எழுத்துப் படித்து, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், மெல்பர்ன், ஹார்வர்ட் என்று போய், 2024 நவம்பர் 28 அன்று 86 வயதில் மறைந்தார். யாழ்ப்பாணத்து வேர் கொண்ட இந்தக் கோலாலம்பூர்க்காரர் விட்டுப்போனவை எல்லாம் பொருள்கள்: வானத்தில் துணைக்கோள், கூரையில் தட்டு, கையில் தொலைபேசி எண், நகரத்தின் நடுவில் இரண்டு கோபுரங்கள். சொற்கள் இல்லாதது ஒருவகையில் நமக்கு நல்லதுதான். முதலாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பி ஏமாறும் ஆபத்து இங்கே இல்லை. செய்து முடித்தவற்றையும் முடிக்க முடியாமல் விட்டதையும் பார்த்து நாமே பாடம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பாடம் வணிகர்களைவிட அதிகம் தேவைப்படுவது, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுதுகிற, படம் எடுக்கிற, நாடகம் போடுகிற, பாட்டுக்கு மெட்டமைக்கிற தமிழர்களுக்கு. தொடங்குவதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. படத்துக்குப் பூஜை போட்டுவிடுகிறோம். முகநூலில் முதல் சுவரொட்டி ஏறிவிடுகிறது, வாழ்த்துகள் குவிகின்றன. நாவலுக்குத் தலைப்பு வைத்தாயிற்று, முன்னுரை யாரிடம் வாங்குவது என்றுகூட முடிவாகிவிட்டது. நாவல்தான் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. கோலாலம்பூரில் இதற்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. புடு பேருந்து நிலையத்துக்கு அருகில் 1990-களில் எழும்பத் தொடங்கிய பிளாசா ராக்யாட், 1997 பொருளாதார நெருக்கடியில் நின்றுபோனது. காங்கிரீட் எலும்புக்கூடாக அது இருபதாண்டுக்கு மேல் நகர நடுவில் நின்றது. பக்கத்தில் எல்.ஆர்.டி நிலையத்துக்கு மட்டும் அதே பெயரை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். கட்டடம் வராவிட்டாலும் ரயில் வந்துகொண்டிருக்கிறது. பெயரைப் பார்த்து மக்கள் இறங்கிப் போகிறார்கள். அறிவித்ததையே சாதனையாக எண்ணும் கலைஞர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இந்த முடியாமைக்கு வழக்கமாக மூன்று காரணம் சொல்வோம்: சோம்பல், பணமின்மை, ஆதரவின்மை. மூன்றுமே பாதிதான் உண்மை. நம்மவர்களுக்குத் தொடங்கியதை முடிக்கும் குணமே இல்லை என்பவர், ஒரே ஒரு தமிழ்க் கல்யாணத்தை உன்னிப்பாகப் பார்த்தால் போதும். நாள் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்துவிட்டால் அந்தக் கல்யாணம் நடந்தே தீரும். சமையல்காரர் கைவிடலாம், மாமா கோபித்துக்கொள்ளலாம், நகை வருவது தாமதமாகலாம். முகூர்த்தம் மட்டும் தள்ளிப்போகாது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எந்த வேலையாவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டதுண்டா? அதே மனிதர்கள்தான் நாவலை எட்டு வருடம் இழுக்கிறார்கள். ஆகவே குறை குணத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு இருக்கிற ஏற்பாடு நாவலுக்கு இல்லை: தேதி வேறொருவர் கையில் இல்லை, காத்திருப்பவர் யாரும் இல்லை, எதை விட்டுவிடலாம் என்று முன்கூட்டித் தீர்மானிக்கப்படவில்லை. ஆனந்த கிருஷ்ணன் செய்த பெரிய காரியங்களைக் கூர்ந்து பார்த்தால், அவர் திரும்பத் திரும்பச் செய்தது இந்த ஏற்பாட்டைத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

எண்ணெய் வியாபாரம் செய்து பணம் சேர்த்த அவர் பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்தது 1985-இல், பாப் கெல்டாஃபின் ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியை ஏற்பாடு செய்ய உதவியவர்களில் ஒருவராக. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக அந்த ஆண்டு ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளியிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவிலும் நடந்து, துணைக்கோள் வழியாக உலகெங்கும் போன இசை நிகழ்ச்சி அது. உலகத்தின் மிகப் பெரிய பாடகர்கள், ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் மேடையை ஆளக்கூடியவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது சுமார் 20 நிமிடம். வெம்பிளி மேடையில் சாலைச் சந்திப்பில் இருப்பதுபோன்ற விளக்குகளை வைத்திருந்தார்கள். சிவப்பு எரிந்தால் இறங்க வேண்டும். விளக்கு யோசனை ஆனந்த கிருஷ்ணனுடையது என்று சொல்ல வரவில்லை. அவர் வியாபாரத்திலிருந்து ஊடகத்துக்குள் கால்வைத்த இடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அது என்பதுதான் சுவையான விஷயம். குவீன் குழுவின் வாழ்நாள் நிகழ்ச்சி என்று இன்றும் ரசிகர்கள் கொண்டாடுவது அந்த இருபது நிமிடத்தைத்தான். நேரம் குறைந்ததால் கலை சுருங்கவில்லை. எதைப் பாடுவது என்ற தேர்வு கூர்மையானது.

பத்தாண்டு கழித்து அவர் தனக்கே ஒரு விளக்கை மாட்டிக்கொண்டார். 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து மியாசாட்-1 துணைக்கோள் ஏரியான் ராக்கெட்டில் போனது. அதே ஆண்டு நவம்பரில் மியாசாட்-2. இடையில் அதே ஆண்டிலேயே அவருடைய ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியின் ஒளிபரப்பு தொடங்கியது. துணைக்கோள் மேலே போய்விட்டால் அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். அதைப் பயன்படுத்தாத ஒவ்வொரு நாளும் நட்டம்தான். கீழே ஸ்டுடியோவில் நிகழ்ச்சி தயாராகவில்லை என்று சொல்லி அதை நிறுத்திவைக்க முடியாது. திரும்பிவர முடியாத செலவைச் செய்து, தள்ளிப்போட முடியாத நாளை உண்டாக்கி, அந்த நாளுக்குள் பல மொழி அலைவரிசைகளை நிரப்பும் கட்டாயத்துக்குள் முழு நிறுவனத்தையும் இறக்கிவிட்ட வேலை இது. பத்திரிகை அடிப்பது என்று நாம் சொல்வதும் இதைத்தான், செலவு மட்டும்தான் வேறு. வானவில் தமிழ் அலைவரிசை இப்படிப் பிறந்த வீட்டின் பிள்ளை. அதன் நிகழ்ச்சிகளின் தரத்தைப் பற்றி நமக்குள் ஆயிரம் முறைப்பாடு உண்டு, பலவும் நியாயமானவை. ஆனாலும் திங்கட்கிழமை எட்டு மணி என்றால் எட்டு மணிக்குப் பாகம் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் இந்த நாட்டின் கேமராக்காரர்களும் வசனகர்த்தாக்களும் தொகுப்பாளர்களும் தொழில் கற்றார்கள்.

இனி பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள். செலாங்கூர் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த சுமார் 100 ஏக்கர் நிலத்தை நகர மையமாக்கும் கே.எல்.சி.சி திட்டத்தின் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன். அரசாங்கமும் பெட்ரோனாஸும் கைகோத்தன. வடிவமைத்தவர் சீசர் பெல்லி. இந்தக் கட்டுமானத்தின் கதையில் ஒரு படைப்பாளி அறிய வேண்டியது உயரத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. முதலில் குறித்த இடத்தில் மண்ணைச் சோதித்தபோது, ஒருபாதிக்கு அடியில் அரித்துப்போன சுண்ணாம்புப் பாறை, மறுபாதிக்கு அடியில் மென்மையான பாறை என்று தெரிந்தது. அங்கே கட்டியிருந்தால் கோபுரம் ஒருபக்கம் அமிழ்ந்திருக்கும். ஆகவே கட்டும் இடத்தையே 60 மீட்டர் நகர்த்தினார்கள். அப்போதும் பைல்கள் 60 முதல் 114 மீட்டர் ஆழம்வரை போக வேண்டியிருந்தது. அதன்மேல் ஒவ்வொரு கோபுரத்துக்குமான அடித்தளத்துக்கு 13,200 கன மீட்டர் காங்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாமல் கொட்டினார்கள். பாதியில் நிறுத்தினால் பழைய காங்கிரீட்டும் புதிய காங்கிரீட்டும் ஒட்டாது.

முடியாமல் கிடக்கும் பெரும்பாலான நாவல்களையும் திரைக்கதைகளையும் எடுத்துப் பார்த்தால், நோய் அவை நின்ற அத்தியாயத்தில் இருக்காது. முதல் பத்துப் பக்கத்துக்கு அடியில் இருக்கும். கதை சொல்பவர் யார், எந்த ஆண்டில் நடக்கிறது, அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்ற மண் பரிசோதனை நடக்கவே இல்லை. இருபதாம் மாடியில் சாய்வு தெரியும்போது எழுத்தாளர் அதை ‘எழுத வரவில்லை’ என்று எண்ணிக்கொள்கிறார். 60 மீட்டர் நகர்த்துவது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது, வரைபடம் அத்தனை அழகாக இருக்கிறதே! நகர்த்துகிற துணிவு அடித்தளம் போடும் முன்பு இருந்தால் போதும். பிறகு அது தேவைப்படாது. அந்த 54 மணி நேரத்துக்கும் எழுத்தில் இணை உண்டு. ஒரு படைப்பின் முதல் வரைவில் இடைவெளி விட்டால் ஒட்டாத பகுதி ஒன்று இருக்கும். வருடத்தில் பதினொரு மாதம் விட்டுவிட்டு எழுதுபவர்கூட அந்தப் பகுதிக்கு மட்டும் விடுப்பு எடுத்தாக வேண்டும்.

மேலே போகப்போக இரண்டு பிழைகள் நேர்ந்தன. இரண்டையும் அவர்கள் கையாண்ட விதம் வேறுவேறு. முதல் பிழை: ஒரு கோபுரம் செங்குத்தைவிட்டு 25 மில்லிமீட்டர் விலகியிருந்தது. அவர்கள் கட்டியதை இடிக்கவில்லை. அடுத்த 16 மாடிகளைச் சிறிதுசிறிதாக எதிர்ப்பக்கம் சாய்த்து நேராக்கினார்கள்; பிறகு முடியும்வரை நாளுக்கு இருமுறை அளந்து பார்த்தார்கள். இரண்டாவது பிழை: காங்கிரீட்டின் ஒரு கலவை வலிமைச் சோதனையில் தோற்றது. வேலை முழுவதும் நின்றது. கட்டி முடித்த மாடிகள் அத்தனையும் சோதிக்கப்பட்டன; கெட்ட கலவை இருந்தது ஒரே மாடியில்தான். அந்த மாடியை இடித்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு கலவையும் சோதித்த பிறகே ஊற்றப்பட்டது. எதை முன்னோக்கிச் சரிசெய்வது, எதை இடிப்பது என்ற இந்தப் பகுத்தறிவு நம் படைப்பாளிகளிடம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் நடை பிடிக்கவில்லை என்று அதையே ஏழுமுறை திருப்பி எழுதுவார்கள். அது 25 மில்லிமீட்டர் சாய்வு, போகிற போக்கில் நேராகக் கூடியது. கதைக்கு முதுகெலும்பான ஒரு பாத்திரம் பொய்யாக இருப்பது தெரிந்தும் அதன்மேல் மாடி மாடியாக ஏற்றுவார்கள்; இடிக்க வேண்டியது அது. ஒரு மாடி கெட்டதற்காக மொத்தக் கோபுரத்தையும் கைவிடுபவர்களும் உண்டு. படம் பார்த்த நண்பர் ஒருவர் ஒரு காட்சியைக் குறை சொன்னதும் முழுப் பிரதியையும் அலமாரியில் பூட்டிவிடும் இயக்குநரை வேறெப்படி விளங்கிக்கொள்வது?

இரண்டு கோபுரங்களையும் இரண்டு வெவ்வேறு குழுமங்களிடம் கொடுத்ததும் கவனிக்க வேண்டியது. ஒன்று ஜப்பானிய ஹசாமா தலைமையில், மற்றொன்று தென்கொரிய சாம்சங் தலைமையில். பக்கத்துக் கோபுரம் எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்று தலைநிமிர்ந்தால் தெரியும். இதைவிடக் கறாரான மேற்பார்வையாளர் கிடையாது. 1996 தொடக்கத்தில் கூம்புகள் ஏறி, உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்ற பெயர் கிடைத்தது; 452 மீட்டர். 1997 நடுவில் ஆசிய நாணயங்கள் சரிந்தபோது கோபுரங்கள் தங்கள் உயரத்தை எட்டிவிட்டிருந்தன, பிளாசா ராக்யாட் எட்டவில்லை. தாமதத்துக்கு நாம் வட்டி கணக்கிடுவதில்லை. வேலை மாற்றம், பிள்ளைப்பேறு, பெற்றோரின் நோய், ஒரு பெருந்தொற்று என்று ஒவ்வொரு வாழ்க்கைக்கும் ஒரு 1997 வந்துவிடும். நீண்டுபோகிற படைப்பு, அது வரும்வரை வெளியில் நிற்கிறது.

இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும், அது பொருளைப் பற்றியது. அவ்வளவு உயரத்துக்கு எஃகுதான் வழக்கம். ஆனால் எஃகை இறக்குமதி செய்தால் விலை எகிறும். இங்குள்ள கட்டுமானக்காரர்களுக்குக் கைவந்தது காங்கிரீட். ஆகவே அதிவலிமைக் காங்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த நாட்டுத் தமிழ்ப்படங்கள் நீண்டகாலம் செய்த தவறு, சென்னை எஃகை இறக்குமதி செய்ய முயன்றதுதான். சண்டைக்காட்சியும் நாயகன் நுழைவும் வெளிநாட்டுப் பாட்டும் வேண்டும் என்று கணக்குப் போட்டு, பணம் பாதியில் தீர்ந்து, படம் நின்றது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வேறுவழியில் போனது. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட ஒரு குடும்பத்தின் சிறுவன், மலாய் கலந்த நம்மூர்ப் பேச்சு, நட்சத்திரம் இல்லாத முகங்கள் என எல்லாமே உள்ளூர்க் காங்கிரீட். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்மொழி அல்லாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியதற்கு எதிர்ப்பு கிளம்பி, விருதுப் பிரிவுகளே மாற்றப்பட்டன; ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. மொழி பற்றிய அந்த விவாதத்தை எத்தனை அறிக்கை விட்டாலும் கிளப்பியிருக்க முடியாது. முடிந்த படம் ஒன்று மேசைமேல் இருந்ததால்தான் அது நடந்தது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு எளிது, கூர்மையானதும்கூட: அவருக்குப் பணம் இருந்தது, அன்றைய பிரதமர் மகாதீரின் நம்பிக்கை இருந்தது, பெட்ரோனாஸ் இருந்தது, எங்களிடம் என்ன இருக்கிறது? அவர் தோற்ற இடத்தைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 2006-இல் அவருடைய மேக்சிஸ் தொலைத்தொடர்பு நிறுவனம், தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் கைபேசி நிறுவனத்தின் 74 விழுக்காட்டை வாங்கியது. பணத்துக்குக் குறைவில்லை, கொட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்திய அரசியலும் வழக்குகளும் ஒருபுறம், 2016-இல் ஜியோ இறங்கியதும் மூண்ட கட்டணப் போர் மறுபுறம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைக்கும் முயற்சியும் 2017-இல் முறிந்தது. 2018-இல் ஏர்செல் திவால் மனு போட்டது. அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய நட்டங்களில் ஒன்று அது. அதே மனிதர், அதைவிட அதிகப் பணம். ஏற்பாடு மட்டும் அவர் கையில் இல்லை. தேதியும் எல்லையும் அடுத்தவர் தீர்மானித்தபடி மாறிக்கொண்டே இருந்தன. கோபுரத்தில் ஒரு மாடியை இடிக்க முடிந்தது. ஏர்செல்லில் எந்த மாடி கெட்டது என்று சோதிக்க வேலையை நிறுத்தவே முடியவில்லை. பணம் முடித்துத் தரும் என்றால் ஏர்செல் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பணமில்லாதவர்கள் முடித்ததற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1950-களின் பின்பாதியில் வெள்ளைக்காரர்களின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நம் தோட்டத் தொழிலாளர்கள் வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தனும் கே.ஆர். சோமசுந்தரமும் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 100 வெள்ளிப் பங்காக்கும் திட்டத்தைச் சொன்னார்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்த ஒரு வருட இடைவெளியை யோசித்துப் பாருங்கள். பால்மரம் வெட்டுபவரின் சம்பளத்தில் பத்து வெள்ளி பெரிய தொகை. ஆனால் தவணை என்பதே ஒரு தேதி. தவணை வாங்க வருபவர் காத்திருக்கும் ஒரு மனிதர். முழுத் தொகையும் சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் தோட்டமே மிஞ்சியிருக்காது. முழுநேரம் கிடைத்த பிறகு நாவல் எழுதலாம் என்பவருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கட்டடம் வேறு, கலை வேறு. வரைபடம் இருக்கிற வேலைக்குத் தேதி வைக்கலாம், எங்கே போகிறோம் என்று தெரியாமல் தேடிப்போகும் படைப்புக்கு எப்படி வைப்பது? இதில் உண்மை உண்டு. ஆனால் தமிழர்கள் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் கண்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு தொழில்முனைவர் வழியாக. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய டி.ஆர். சுந்தரம் முழுக் கதை வசனமும் கைக்கு வராமல் கேமராவை ஓட்டவிடமாட்டார், நேரந்தவறினால் நட்சத்திரமானாலும் பார்க்கமாட்டார் என்று பெயர் எடுத்தவர். 1937 முதல் அவர் காலத்திலும் அவருக்குப் பிறகுமாக அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் முடிந்து வெளிவந்தன. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ அங்கிருந்து வந்தது. கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரிகுமாரி’யும் அதே கண்டிப்பான கூரையின் கீழ் முடிந்ததுதான். மறுமுனையில் எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’வை ஐந்தாண்டு இழுத்தார், 30 லட்சம் ரூபாய் விழுங்கவிட்டார், இயக்குநரை மாற்றித் தானே இயக்கினார், கடன் கழுத்தை நெரித்தது. ஆனாலும் 1948-இல் படம் திரைக்கு வந்தது. தாமதம் வேறு, முடியாமை வேறு. வாசனுக்குக் கடன்காரர் வைத்த தேதி இருந்தது, திரையரங்குகள் இருந்தன, அவருடைய விகடன் இதழின் வாசகர்கள் காத்திருந்தார்கள். அவர் தேடியலைந்த கலைஞர்தான், ஆனால் வேலி போட்ட தோட்டத்துக்குள் தேடினார்.

நம் நாட்டிலேயே இதைவிட எளிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். பாடம் அச்சாகும், பயிற்சி கொடுக்கப்படும், வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள், திருத்தித் தரம் பிரிப்பார்கள். தோட்டத்து ஆசிரியர்களும் எழுத்தர்களும் கதை எழுதப் பழகியது இப்படித்தான். கருத்தளவில் அங்கே கற்றுக்கொடுத்தவை இன்று சாதாரணமாகத் தோன்றலாம். ஒரு கதையை ஒரு நாளுக்குள் முடித்து அஞ்சலில் சேர்க்க வேண்டும் என்ற பழக்கம் சாதாரணம் இல்லை. மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு நவீன முகம் வந்ததில் அந்த அஞ்சல்பெட்டிக்கும் பங்குண்டு.

மூன்றாவது மறுப்பு நம் இலக்கியக்காரர்களுடையது: தேதிக்கு எழுதினால் குப்பைதான் சேரும். போட்டிக்கென்று எழுதிய நாவல்கள் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும், பல நாவல்கள் பக்கக் கணக்குக்காக நீட்டப்பட்டவை, கடைசி நாளுக்காக அவசரமாக முடிச்சுப் போடப்பட்டவை. ஆனால் 2000-களில் ஆஸ்ட்ரோ வானவிலும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்றவற்றில் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’யும் ஒன்று. பணி ஓய்வுக்குப் பிறகு, தன் தலைமுறை கண்ட ஜப்பானியர் காலத்தையும் சயாம் மரண ரயிலையும் இந்திய தேசிய ராணுவத்தையும் அடுத்தடுத்து நாவலாக்கி முடித்தவர் அவர். அந்த நாவல்களில் விமர்சகருக்கு உறுத்தும் இடங்கள் இருக்கின்றன. இருந்தாலும் அவை இல்லாத மலேசியத் தமிழ் நாவல் வரலாற்றை எழுத முடியாது. சாட்சிகள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவை முடிந்தன. போட்டி நல்ல நாவலை உண்டாக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே மனத்தில் இருக்கும் நல்ல நாவலை அது மேசைக்குக் கொண்டுவரும். குப்பை சேரும் என்ற பயத்தில் தேதியை எடுத்துவிட்டால், குப்பை எழுதுபவர் எப்படியும் எழுதுவார், கூச்சமுள்ளவர்தான் நின்றுபோவார்.

கடைசியாக ஒன்று, கைமாற்றுவது. கே.எல்.சி.சி-யில் ஆனந்த கிருஷ்ணன் வைத்திருந்த பங்குகள் பின்னாளில் பெட்ரோனாஸிடம் போய்ச் சேர்ந்தன. கோபுரத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. கோபுரத்தடியில் இருக்கும் 50 ஏக்கர் பூங்காவை வடிவமைத்தவர் பிரேசிலின் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ். அவர் 1994-இல் இறந்துபோனார். பூங்கா 1998-இல் முடிந்தது. வடிவமைத்தவர் இல்லாமல் ஒரு படைப்பு முடிய வேண்டுமானால் அது அவர் தலைக்குள் மட்டும் இருந்திருக்கக் கூடாது, தாளில் இறங்கியிருக்க வேண்டும், மரத்தின் பெயர் உட்பட. நம் படைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மனிதரின் தலைக்குள் இருக்கின்றன. இயக்குநரே தயாரிப்பாளர், தொகுப்பாளர், சுவரொட்டி ஒட்டுபவர். எழுத்தாளரே மெய்ப்பு பார்ப்பவர், பதிப்பாளர், புத்தகத்தை வண்டியில் ஏற்றிக் கிள்ளானுக்கும் சிரம்பானுக்கும் கொண்டுபோய் விற்பவர். தன் பெயர் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்ற ஆசை பாதி, நம்பிக் கொடுக்க ஆளில்லை என்பது பாதி. அரைகுறை வரைவை அடுத்தவர் கையில் கொடுக்கும் கூச்சம் போனால் இரண்டாவது பாதி குறையும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு நடைமுறைக் கேள்வி மிச்சமிருக்கிறது: இன்று நமக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் யார்? 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இன் தொடக்கத்தில் நின்றது. அதை நாம் ஒரு நாளிதழின் சாவாகத்தான் பேசினோம்; அதன் ஞாயிறு பதிப்போடு போனது, எழுதுபவர்களுக்கு வாராவாரம் இருந்த ஒரு கடைசி நாள். முகநூல் எப்போதும் திறந்தே இருப்பதால் அதற்குக் கடைசி நாள் என்பதே கிடையாது. படக்காரர்களுக்காவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் ‘வாஜிப் தாயாங்’ என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் திரையரங்கில் ஒரு தேதியைத் தருகிறது. எழுத்தாளருக்கு மிஞ்சியிருப்பது, எல்லோரும் கேலி செய்யும் நூல் வெளியீட்டு விழாதான்: மாலை, பொன்னாடை, முதல் நூலை வாங்க ஒரு டத்தோ, நீண்ட வாழ்த்துரை. அந்தக் கேலியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, டத்தோவின் நாட்காட்டியில் இடம்பிடித்து, அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட பிறகு நின்றுபோன நூல்கள் எத்தனை? அச்சகத்திலிருந்து ஈரம் காயாமல் விழா மேடைக்கு வந்து சேர்ந்த புத்தகங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் சோமா அரங்கம், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் வளர்ந்த அதே நிலநிதியின் அரங்கம்தான். மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பவர்கள் முதலில் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடிக்கலாம்.